பெயர் ஒன்று, இல்லம் இரண்டு

மூன்று தலைமுறையினர் ஒருங்கே வாழும் தமிழ் இல்லம் ஒன்று பெங்களூரு அல்சூரில் இருப்பதாகக் கொள்வோம். மாலைக் காபி வேளையில் யாரோ ‘ஜாவா’ என்கிறார். உடனே பாட்டனார் நிமிர்ந்து அமர்கிறார். அவருக்கு ஜாவா என்றால் இளமையில் தாம் ஓட்டிய மோட்டார் சைக்கிள். 1960களின் தொடக்கம் முதல் மைசூரில் ஐடியல் ஜாவா ஆலையில் உருவாகி, இம்மாநிலத்துச் சாலைகளிலெல்லாம் முழங்கிய வண்டி. தமிழாசிரியையாய் இருந்து ஓய்வு பெற்ற அத்தைக்கோ, மணிமேகலைக் காப்பியம் சாவகம் என்று குறிக்கும் கீழ்த்திசைத் தீவு நினைவுக்கு வருகிறது. கல்லூரியில் கணினிப் பாடம் பயிலும் பேத்தி, மறுநாள் தேர்வுக்குரிய கணினி மொழியை எண்ணிப் பெருமூச்சு விடுகிறாள். மூவர் நினைத்ததும் சரியே; ஒருவரும் பிழை செய்யவில்லை. ஆயினும் ஒருவர் கருத்து மற்றவர்க்கு எட்டவில்லை.

வண்டியின் பெயர் தீவிலிருந்து வந்ததன்று. 1929இல் பிராகா நகரில் தொழில் தொடங்கிய ஜானசெக் என்பவரின் பெயரையும், வாண்டரர் என்னும் வண்டியின் பெயரையும் முதலசை சேர்த்து ஒட்டியதால் விளைந்தது அது. கணினி மொழியின் பெயர்க் கதையோ இன்னும் சுவையானது. அமெரிக்க நாட்டுச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவர் குழுவினரும் அதனை ஆக்கியபோது, ஓக் மரத்தின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தனர். ஆனால் ஓக் என்னும் பெயர் முன்னரே வேறொரு நிறுவனத்துக்கு உரியதாய் இருந்தது. ஆதலின் வேறு பெயர் தேடி, காபியை நினைத்து, ஜாவா என்று வைத்து, 1995 மே மாதம் உலகுக்கு அறிவித்தனர். பெயர் மோதலிலேயே பிறந்த மொழி அது. அதன் முதற் பதிப்பு 1996 ஜனவரியில் வெளிவந்தது. மைசூர் ஆலை மூடப்பட்டதும் அதே 1996இல்தான். ஒரு ஜாவா கடையடைத்த ஆண்டில் மற்றொரு ஜாவா கடை திறந்தது.

இக்கதையை நம் இல்லங்களில் ஏன் சொல்ல வேண்டும்? 1978இல் எலெக்ட்ரானிக் சிட்டி தோன்றிய நாள் முதல் இந்நகரத்தின் தொழில் மெல்ல மெல்ல மாறியது. ஆலைக்கும் சுரங்கத்துக்கும் பாளையத்துப் பணிக்கும் வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகின்றனர். அவர்கள் அங்கே செய்யும் வேலை யாது என்பதைப் பெற்றோர் பலர் அறியார். அவ்வேலையில் நாள்தோறும் நேரும் இடர்களுள் ஒன்று, நாம் மேலே கண்ட பெயர் மோதலே. அதனைத் தீர்க்கும் வழியோ நம் முன்னோர் நன்கறிந்த வழி. இரண்டையும் இணைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை

நம் படிப்பு வட்டத்துக்கு ஞாயிறு மாலைதோறும் வரும் மாணவியருள் ஒருத்தியைப் பற்றி இங்கே கூற வேண்டும். அவள் தந்தையார் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இஸ்திரிக் கடை வைத்திருப்பவர். குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதற் பிள்ளை அவளே. கட்டணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை.

ஜாவா மொழியில் நிரல் எழுதுவோர், தாம் ஆளும் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஓர் அச்சு வைத்துக்கொள்கின்றனர். அவ்வச்சுக்குக் கிளாஸ் என்று பெயர். எழுத்துத் தொடரை வைத்துக்கொள்ள ஸ்ட்ரிங், நாளைக் குறிக்க டேட், பலவற்றை வரிசையாய் அடுக்க லிஸ்ட் என, ஆயிரக்கணக்கான கிளாஸ்கள் மொழியுடனே ஆயத்தமாக வருகின்றன. இவையன்றித் தமக்கு வேண்டியவற்றை நிரல் எழுதுவோர் தாமே செய்துகொள்வதும் உண்டு.

இம்மாணவிக்கு ஓர் ஐயம் எழுந்தது. ‘தமிழ்’ என்னும் சொல்லை ஸ்ட்ரிங்கிடம் கொடுத்து அதன் நீளம் எவ்வளவு என்று கேட்டால், 5 என்று விடை வருகிறது. நாம் திண்ணைப் பள்ளியில் எண்ணினாலும் 3 அன்றோ? கணினியோ தகரத்தை ஒன்றாகவும், மகரத்தை ஒன்றாகவும், அதன் இகரக் கொக்கியை ஒன்றாகவும், ழகரத்தை ஒன்றாகவும், அதன் மேலுள்ள புள்ளியை ஒன்றாகவும் எண்ணுகிறது. குறியீடுகளின் கணக்கில் அது சரி. தமிழ்க் கணக்கில் அது சரியன்று. ‘தமிழெழுத்தைத் தமிழ் முறையில் எண்ணும் கிளாஸ் ஒன்றை நானே செய்வேன்’ என்று அவள் துணிந்தாள். நல்ல துணிவு. எழுத்துத் தொடரைப் பற்றியதுதானே என்று, அதற்கும் ஸ்ட்ரிங் என்றே பெயரிட்டாள். முதல் நாள் எழுதிய நிரல் இருந்த அதே கோப்புறையில் அதனை வைத்தாள்.

அன்றிரவு நிகழ்ந்தது இது. முதல் நாள் நன்றாக ஓடி, திரையில் வணக்கம் கூறிய சிறு நிரலை அவள் மீண்டும் ஆயத்தம் செய்தாள். மனிதர் எழுதிய வரிகளைப் படித்து இயங்கத்தக்க வடிவுக்கு மாற்றும் கம்பைலர், ஒரு குறையும் கூறாமல் அதனை ஏற்றுக்கொண்டது. ஓட்டினாலோ ஓடவில்லை. ‘நிரல் தொடங்கும் இடமாகிய மெயின் காணப்படவில்லை; ஸ்ட்ரிங் வரிசையை ஏற்கும் மெயின் ஒன்றை எழுதுக’ என்னும் கருத்தில் செய்தி வந்தது. அவள் நிரலைத் திறந்து பார்த்தாள். எதனை எழுதச் சொல்கிறதோ, அதுவே எழுத்துக்கு எழுத்து மூன்றாம் வரியில் இருக்கிறது! நேற்றைய நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

இரண்டு வாரம் இவ்வாறு கழிந்தது. கல்லூரியில் கேட்டதற்கு, ‘நிரலைச் சரியாக எழுதி வா’ என்னும் விடையே கிடைத்தது. செயல்முறைத் தேர்வு நெருங்கிற்று. ஒரு ஞாயிறன்று தந்தையார் கடையை அடைத்துவிட்டு நம்மிடம் வந்தார். “ஐயா, கணக்குப் பாடத்துக்கு மாற்றிவிடலாமா? இது நம் பிள்ளைக்கு வராது போலிருக்கிறது” என்று மெதுவாகக் கேட்டார். ஒரு பெயரால் வந்த சிக்கல், ஒரு பெண்ணின் படிப்பையே தடம் மாற்றும் நிலைக்கு வந்துவிட்டது.

முன்னோர் கண்ட வழி

அவள் சிக்கலை அவிழ்க்கும் முன்பு, நம் இலக்கிய மரபைச் சற்றே நோக்குவோம். சங்கப் பாடல்களைத் தொகுத்த சான்றோர்க்கும் இதே இடர் இருந்தது. சாத்தன் என்பது அந்நாளில் பலரும் இட்டு வழங்கிய பெயர். ‘இது சாத்தனார் பாட்டு’ என்று மட்டும் எழுதிவைத்தால், எந்தச் சாத்தனார் என்ற வினா எழும். அதனால் அவர்கள் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்றும், பெருந்தலைச் சாத்தனார் என்றும், ஒக்கூர் மாசாத்தனார் என்றும் அடைமொழியோடு குறித்தனர். நக்கீரரைக் குறிக்கையில் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்றனர். ஊர் முதலில், தந்தை அடுத்து, தம் பெயர் இறுதியில் நிற்கும் அமைப்பைக் காண்க. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் முழு முகவரி அது.

அவ்வாறு அடைமொழி பெறாத பெயருக்கு நேர்ந்தது யாது? ஔவையாரை நினைக்க. அதியமானின் நண்பராய் விளங்கிய ஔவை வேறு, ஆத்திசூடி அருளிய ஔவை வேறு என்பது அறிஞர் பலர் கொள்கை. ஆனால் இருவர்க்கும் பெயர் ஒன்றே. ஆதலின் ஒருவர் நெல்லிக்கனி உண்ட கதையும், மற்றவர் சிறுவர்க்கு நீதி சொன்ன கதையும் ஒரே கிழவியின் வரலாறாக நம் மனத்திற் கலந்துவிட்டன. பெயர் மோதியதைக்கூட நாம் அறியவில்லை. அறியாமல் நேரும் கலப்பே மோதலிலும் கொடியது.

நம் வீடுகளிலும் இது உண்டு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன், அவனே பேரன். மு. சுப்பையாவின் மகன் சு. முருகன், அவர் மகனுக்குப் பாட்டன் பெயரை இட்டால் மீண்டும் மு. சுப்பையா! தலைப்பெழுத்தும் ஒன்றாகிவிடுகிறது. அஞ்சற்காரர் கடிதத்தை யாரிடம் கொடுப்பார்? ‘பெரிய சுப்பையா, சின்ன சுப்பையா’ என்று வீட்டார் வேறோர் அடையாளம் வைத்துக்கொள்கின்றனர். பெயரை ஒருவரும் கைவிடுவதில்லை. எந்த அளவுக்கு ஐயம் எழுகிறதோ, அந்த அளவுக்கு அடைமொழி கூட்டுகின்றனர், அவ்வளவே.

ஜாவா மொழியை ஆக்கியோரும் இம்முறையையே மேற்கொண்டனர். ஒவ்வொரு கிளாஸும் ஒரு பேக்கேஜில் குடியிருக்கிறது. பேக்கேஜ் என்பது ஊர் போன்றது. ஸ்ட்ரிங்கின் முழுப்பெயர் ஜாவா.லாங்.ஸ்ட்ரிங், நாம் வழங்கும் லிஸ்டின் முழுப்பெயர் ஜாவா.யூடில்.லிஸ்ட். பிற நிறுவனத்தார் தம் இணைய முகவரியைத் தலைகீழாக்கி, அதனையே ஊர்ப்பெயராகக் கொள்வது மரபு. அப்பாச்சி அமைப்பின் முகவரி அப்பாச்சி.ஆர்க் என்று முடிவதால், அவர்தம் பேக்கேஜ்கள் ஆர்க்.அப்பாச்சி என்று தொடங்குகின்றன. இணைய முகவரி ஒருவர்க்கே உரியதாதலின், உலகில் எங்கோ இருக்கும் இருவர் ஒரே பெயரை வைத்தாலும் முழுப்பெயர்கள் மோதா.

எட்டாவது கிராஸ் எங்கே?

ஆனால் ஒவ்வொரு முறையும் முழுப்பெயரை எழுதினால் கை வலிக்குமன்றோ? ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் அவர்களே, காபி அருந்துங்கள்’ என்று வீட்டில் யாரும் அழைப்பதில்லை. ஆதலின் குறும்பெயருக்கு வழி செய்தனர். அவ்வழியை விளக்கப் பெங்களூருத் தெருக்களைவிடச் சிறந்த உவமை வேறில்லை.

இந்நகரில் புதிதாய்க் குடிவந்தோர் முதலிற் படும் பாடு யாது? பேட்டைக்குப் பேட்டை மெயின்களுக்கும் கிராஸ்களுக்கும் எண்ணே பெயர். மல்லேசுவரத்தில் கடைகள் நிறைந்த 8வது கிராஸ் உண்டு. வேறு பல பேட்டைகளிலும் 8வது கிராஸ் உண்டு. மல்லேசுவரத்துக்குள் நின்றுகொண்டு ஆட்டோக்காரரிடம் ‘எட்டாவது கிராஸ்’ என்றால், அவர் ஒன்றும் கேளாமல் மல்லேசுவரத்துக் கிராஸுக்கே கொண்டு செல்வார். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் நின்று அதையே கூறினால், ‘எந்த ஏரியா?’ என்று கேட்பார். ஆனால் ‘எம்.ஜி. ரோடு’ என்றால், எங்கு நின்று சொன்னாலும் பேட்டை கேட்கமாட்டார். அது ஊரறிந்த பெயர்.

ஜாவா மொழியில் ஜாவா.லாங் என்னும் பேக்கேஜ் அந்த எம்.ஜி. ரோட்டைப் போன்றது. ஸ்ட்ரிங், சிஸ்டம், மேத், ஆப்ஜெக்ட் முதலியவை அங்கு உள்ளவை. அவற்றை நாம் அழைக்காவிடினும், ஒவ்வொரு நிரலுக்கும் கம்பைலர் தானாகவே அழைத்துத் தருகிறது. இதுவே சொல்லாமல் வரும் இம்போர்ட். மற்ற பேக்கேஜ்களில் உள்ளவற்றைக் குறும்பெயரால் அழைக்க வேண்டுமானால், நிரலின் தலையில் இம்போர்ட் என்று எழுதவேண்டும். ‘இன்ன கிளாஸ்’ என்று ஒன்றைப் பெயர் சுட்டி அழைக்கலாம். அல்லது நட்சத்திரக் குறி இட்டு, ‘அப்பேக்கேஜில் உள்ளவருள் வேண்டியவர் வருக’ என்று பொதுவாக அழைக்கலாம்.

இம்போர்ட் என்றதும், சரக்கை இறக்கிக் கிடங்கில் நிரப்புவது போலும் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. ‘இக்குறும்பெயர் சொன்னால் இன்ன முழுப்பெயர் என்று கொள்க’ எனக் கம்பைலருக்குக் கூறும் குறிப்பே அது. கம்பைலர் தன் வேலையை முடித்து எழுதித் தரும் வடிவில் முழுப்பெயர்களே நிற்கின்றன. ஆகவே நட்சத்திரக் குறி இட்டதால் நிரல் பருத்துவிடுவதுமில்லை, ஓட்டம் தளர்வதுமில்லை. தீமை வருமானால் அது பெயர்க் குழப்பத்தால் வருவதே.

ஒரே குறும்பெயருக்கு இருவர் வந்து நின்றால் கம்பைலர் யாரை ஏற்கும்? அதற்கு முறையுண்டு. பெயர் சுட்டி அழைக்கப்பட்டவருக்கு முதலிடம். அடுத்தது அதே பேக்கேஜில் குடியிருப்பவர், அஃதாவது அயல்வீட்டார். அதற்கும் கீழேதான் நட்சத்திரக் குறியால் வந்தவர்களும், ஜாவா.லாங்கிலிருந்து தானாக வந்தவர்களும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அந்த வரிசையில் இருவர் ஒரே பெயருடன் நின்று, நிரலும் அப்பெயரை வழங்கினால், கம்பைலர் ஒருவரைத் தானே தேர்ந்துகொள்ளாது, ‘எவரைச் சொன்னீர்?’ என்று நிறுத்திவிடும். மெஜஸ்டிக் ஆட்டோக்காரர் போல.

அயல்வீட்டில் இருந்த பிழை

இனி நம் மாணவியிடம் திரும்புவோம். அந்த ஞாயிறன்று, மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றும் நம் வட்டத்து இளைஞர் ஒருவர் அவள் கணினியைப் பார்த்தார். நிரலை அவர் இரண்டாம் முறை படிக்கவில்லை. கோப்புறையைத் திறந்து, அதில் வேறென்ன இருக்கிறது என்று நோக்கினார். “தங்கச்சி, உன் நிரலில் பிழை ஒன்றுமில்லை. பிழை பக்கத்து வீட்டில் இருக்கிறது. நீ எழுதியிருக்கும் ஸ்ட்ரிங் எந்த ஊர் ஸ்ட்ரிங்?” என்றார்.

அவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு தானே சிரித்துவிட்டாள். நிகழ்ந்தது இதுதான். முதல் நாள் அக்கோப்புறையில் வேறு ஸ்ட்ரிங் இல்லை. ஆகவே அப்பெயர் ஜாவா.லாங்கில் உள்ள ஸ்ட்ரிங்கைக் குறித்தது. மறுநாள் அவளே செய்த ஸ்ட்ரிங் அயல்வீட்டில் குடியேறிற்று. அயல்வீட்டார்க்கு முன்னுரிமை உண்டாதலின், மெயினில் எழுதியிருந்த அதே சொல் இப்பொழுது அவள் ஸ்ட்ரிங்கைக் குறித்தது. கம்பைலர் முறைப்படியே நடந்தது. குறை கூற அதற்கு இடமில்லை. ஆனால் நிரலை ஓட்ட வந்த இயந்திரமோ ஜாவா.லாங்.ஸ்ட்ரிங்கை ஏற்கும் மெயினைத் தேடிற்று. எழுத்து அதுவே, ஆள் வேறு. வாயிலில் நின்ற மெயின் தான் தேடும் மெயின் அன்று என்று கூறித் திரும்பிவிட்டது.

எந்த வரியும் மாறாதிருக்க, வரியின் பொருள் மட்டும் மாறியது. அவள் அறிவில் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. ‘நிரலைச் சரியாக எழுதி வா’ என்று சொன்னவர்க்கும் அது தெரிந்திராது போலும். தந்தையார்க்கு இதனை அக்கணமே விளக்கினோம். “அப்படியானால் பெயரை மாற்றினால் போதுமா, ஐயா?” என்றார். போதும் என்றோம். இரண்டு வாரத் துயரம் ஒரு சொல்லில் தீர்ந்தது.

பெரியோர்க்கும் வந்த இடர்

இத்தகைய இடர் மாணவர்க்கு மட்டுமே உரியதென்று எண்ண வேண்டா. ஜாவாவின் முதற் பதிப்பிலேயே, திரையில் பட்டியல் காட்டுவதற்கு லிஸ்ட் என்னும் கிளாஸ் ஒன்று ஏ.டபிள்யூ.டி. என்னும் பேக்கேஜில் இருந்தது. அந்நாளில் நிரல் எழுதியோர் பலர், ஏ.டபிள்யூ.டி.யையும் யூடில் என்னும் பேக்கேஜையும் நட்சத்திரக் குறியிட்டே அழைத்து வந்தனர். ஒரு தொல்லையும் இல்லை. 1998 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பில், பொருள்களை வரிசையாய் அடுக்கி வைப்பதற்கென யூடில் பேக்கேஜிலும் ஒரு லிஸ்ட் பிறந்தது. அவ்வளவுதான்! அதுவரை அமைதியாய் இருந்த நிரல்களில், லிஸ்ட் என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் ‘எந்த லிஸ்ட்?’ என்று கம்பைலர் நின்றது. எழுதியவர் குற்றம் ஏதுமில்லை. அயலூரில் ஒரு குழந்தைக்குப் பெயர் சூட்டினர். இங்கே வழக்கு வந்தது.

பின்னர் 2017 செப்டம்பரில் வந்த 9ஆம் பதிப்பில், ஜாவா.லாங்கிலேயே மாட்யூல் என்னும் கிளாஸ் புதிதாய்ச் சேர்ந்தது. 2020 மார்ச்சில் வந்த 14ஆம் பதிப்பில் ரெக்கார்ட் என்னும் கிளாஸ் அங்கே இடம் பெற்றது. 2021 மார்ச்சில் வந்த 16ஆம் பதிப்பில் அது நிலைபெற்றது. நோயாளிப் பதிவு, மாணவர் பதிவு, வங்கிப் பதிவு என்று எத்தனை அலுவலகங்களில் எத்தனை பேர் தம் கிளாஸுக்கு ரெக்கார்ட் என்று பெயரிட்டிருப்பர்! அவற்றை நட்சத்திரக் குறியால் அழைத்திருந்தோர், புதிய பதிப்புக்கு மாறி மீண்டும் கம்பைல் செய்தபோது தடுத்து நிறுத்தப்பட்டனர். முன்னரே கம்பைல் செய்து ஓடிக்கொண்டிருந்தவை இதனால் நிற்கவில்லை. அவற்றுள் முழுப்பெயர்களே எழுதப்பட்டிருந்தன அன்றோ? தம் ரெக்கார்டைப் பெயர் சுட்டி அழைத்திருந்தோர்க்கும் ஒரு துன்பமும் இல்லை.

கம்பைலர் தடுத்து நிறுத்துவது நன்மையே. அது தடுக்காத இடம்தான் அச்சத்துக்குரியது. டேட் என்னும் பெயரில் இரண்டு கிளாஸ்கள் உண்டு. யூடில் பேக்கேஜில் உள்ள டேட், நாளையும் நேரத்தையும் சேர்த்துக் குறிப்பது. 1997இல் வந்த எஸ்.கியூ.எல். பேக்கேஜில் உள்ள டேட், தரவுத்தளத்துக்காக ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றை மட்டும் குறிப்பது. மணி கேட்டால் தர மறுப்பது. பின்னது முன்னதன் வழித்தோன்றல். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர். மகனாதலின், தந்தையை எதிர்நோக்கும் இடத்திலெல்லாம் சென்று அமர அவனுக்கு உரிமையுண்டு. நிரல் எழுதும் கருவி ‘எந்த டேட் வேண்டும்?’ என்று பட்டியல் காட்டும்போது, விரைவில் தவறானதை ஒருவர் தொட்டுவிட்டால், கம்பைலர் பல இடங்களில் ஏற்றுக்கொள்ளும். நோயாளிக்கு ஊசி போட்ட நேரத்தைக் குறிக்கும் நிரலில் அவ்வாறு நேர்ந்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். நாள் இருக்கும்; மணி இராது. 2014இல் வந்த 8ஆம் பதிப்பில், நாளுக்கு ஒரு பெயர், நாளும் நேரமும் சேர்ந்ததற்கு வேறு பெயர் என்று தெளிவாகப் பிரித்துப் புதிய கிளாஸ்களை அமைத்தமை, இத்தகைய குழப்பங்களுக்கு நல்ல மருந்தாயிற்று.

2025 செப்டம்பரில் வந்த 25ஆம் பதிப்பு, வசதியை மேலும் பெருக்கியிருக்கிறது. மாட்யூல் என்பது பல பேக்கேஜ்கள் சேர்ந்த மாவட்டம் போன்றது. அம்மாவட்டம் முழுவதையும் ஒரே வரியால் அழைக்க இப்பொழுது வழியுண்டு. தொடக்க மாணவர் எழுதும் எளிய வடிவ நிரலுக்கோ, 50-க்கு மேற்பட்ட பேக்கேஜ்களைக் கொண்ட அடிப்படை மாட்யூல் முழுவதும் கேளாமலே வந்து நிற்கிறது. இவ்வாறு வந்தவர்க்கு எல்லாருக்கும் கீழான வரிசையே தரப்பட்டிருக்கிறது. பெயர் சுட்டி அழைத்தவர்க்கு அன்றும் இன்றும் முதலிடமே. கற்போர்க்கு இது பேருதவி. ஆனால் சொல்லாமல் வருவோர் பெருகப் பெருக, எவர் எவ்வூரார் என்பதை அறிந்து வைக்கும் கடமையும் பெருகுகிறது.

நமக்குரிய பாடம்

நிரல் எழுதும் நம் பிள்ளைகளுக்கு மூன்று சொற்கள் கூறுவோம். முதலாவது, எல்லாரும் நாள்தோறும் நம்பி வழங்கும் பெயரை உங்கள் கிளாஸுக்கு வையாதீர்கள். அது ஊர்க்கிணற்றுக்கு எதிரே அதே பெயரில் சொந்தக் கிணறு வெட்டுவதாகும். இரண்டாவது, நெடுநாள் வாழவேண்டிய நிரலில் வேண்டியவரைப் பெயர் சுட்டி அழையுங்கள்; இருவரும் வேண்டுமெனில் ஒருவரையேனும் முழுப்பெயரால் எழுதுங்கள். மூன்றாவது, நேற்று ஓடியது இன்று ஓடாவிட்டால், உங்கள் வரியை மட்டும் நோக்காமல் அயல்வீட்டையும் நோக்குங்கள். அதற்கு முன்னே உங்கள் அறிவைப் பழிக்காதீர்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். தமிழ்நாட்டில் தலைப்பெழுத்தும் பெயரும் போதுமானவை. இங்கு வந்ததும் படிவந்தோறும் குடும்பப்பெயர் கேட்கின்றனர். ஒரு படிவத்தில் தந்தை பெயரை முன்னும், மற்றொன்றில் பின்னும், வேறொன்றில் ஊர்ப்பெயரையும் எழுதிவிடுகிறோம். பின்னர் பிள்ளையை அலுவலகத்தில் தந்தை பெயரால் அழைக்கின்றனர். சான்றிதழ்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பிள்ளை பள்ளியிற் சேரும்போதே முழுப்பெயர் இதுவென்று வீட்டில் ஒருமுறை தீர்மானித்து, எல்லா ஏடுகளிலும் அதனையே மாறாது எழுதுவது நன்று. பெயர் மோதுகிறதே என்று அதனைக் கைவிட வேண்டுவதில்லை, வெட்கப்படவும் வேண்டுவதில்லை. எவ்வூர், யார் மகன், யார் மகள் என்று சேர்த்துச் சொல்லிவிட்டால், எத்தனை சுப்பையாக்களும் ஒரே நகரில் இனிது வாழலாம்.

நம் மாணவி தன் கிளாஸுக்குப் பின்னர் என்ன பெயர் வைத்தாள் என்று அறிய விரும்புவீர்கள். ஜாவா மொழி தொடக்கம் முதலே உலக மொழிகளின் எழுத்துகளைப் பெயர்களில் ஏற்பது. ஆகவே தமிழ் எழுத்தாலேயே ‘தமிழ்ச்சொல்’ என்று பெயரிட்டாள். பழைய நிரல் மீண்டும் வணக்கம் கூறிற்று. புதிய கிளாஸிடம் ‘தமிழ்’ என்பதன் நீளத்தைக் கேட்டாள். 3 என்று விடை வந்தது. இஸ்திரி மேசையின் ஓரத்தில் கணினியை வைத்து அதனைத் தந்தையார்க்குக் காட்டினாள். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “முன்னே ஏன் ஐந்து என்றது?” என்று கேட்டார். இம்முறை நாம் விளக்க நேரவில்லை. இஸ்திரிப் பெட்டி ஆறும் வரையில் அவளே விளக்கினாள்.